கம்பெனியை விற்றார், பங்கை விட்டு வைத்தார்!

அமெரிக்காவில் ஸாரா பிளேக்லி என்று ஒரு பெண்மணி.

இவர் முன்பு கதவு கதவாகத் தட்டி ஃபாக்ஸ் மெஷின் விற்றுக் கொண்டிருந்தவர். கையில் இருந்த சேமிப்பு 5 ஆயிரம் டாலர். அதை முதலாகப் போட்டார். பெண்கள் மேலுடைக்கு உள்ளே அணிந்து கொள்ளும் ஒரு வகை இறுக்க உடையைத் தயாரித்து விற்கத் தொடங்கினார். கம்பெனிக்கு ஸ்பாங்க்ஸ் என்று பெயர் வைத்தார். அது 2000-ம் ஆண்டு.

21 ஆண்டுகள் ஓடின. 2021-ம் ஆண்டு அக்டோபர் மாதம், பிளாக்ஸ்டோன் என்ற பெரிய முதலீட்டுக் கம்பெனி ஸ்பாங்க்ஸை வாங்க வந்தது. கம்பெனிக்குப் போட்ட மதிப்பு 120 கோடி டாலர்!

ஊழியர்களை ஒன்றாகக் கூட்டினார் ஸாரா. ஒரு பூகோள உருண்டையைச் சுழற்றிக் காட்டினார். உலகத்தில் எந்த ஊருக்கு வேண்டுமானாலும் போய் வரலாம் என்று, ஒவ்வொருவருக்கும் 2 முதல் வகுப்பு விமான டிக்கெட் கொடுத்தார். கைச்செலவுக்கு ஆளுக்கு 10 ஆயிரம் டாலர் கொடுத்தார். ஊழியர்கள் சந்தோஷத்தில் அழுதே விட்டார்கள்.

விமான டிக்கெட் சங்கதியை உலகமே பேசியது. இன்னொரு சங்கதியை அவ்வளவாக யாரும் பேசவில்லை.

ஸாரா தன் பங்கு முழுவதையும் விற்கவில்லை. பெரும் பகுதியை விற்றார். ஒரு பகுதியைத் தன்னிடமே வைத்துக் கொண்டார்.

கம்பெனியை விற்றவருக்கு, விற்ற கம்பெனியிலேயே பங்கா? ஆம். அமெரிக்காவில் இன்று குடும்பத் தொழில் கைமாறும்போது இது சர்வ சாதாரணம். இதற்கு அங்கே "ரோல்ஓவர்" என்று பெயர். விற்ற விலையில் ஒரு பகுதியைப் பணமாக வாங்காமல், புதிய முதலாளியின் கம்பெனியில் பங்காக மாற்றிக் கொள்வதுதான் ரோல்ஓவர்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் இந்த ஒரு பேரத்தில் கோடீஸ்வரர் ஆனவர்களும் உண்டு. விட்டு வைத்ததைப் பறி கொடுத்தவர்களும் உண்டு.

வாங்குகிறவர் யார்?

முதலில் வாங்குகிறவரைப் பற்றித் தெரிந்து கொள்ள வேண்டும்.

இவர்களுக்கு "பிரைவேட் ஈக்விட்டி" கம்பெனி என்று பெயர். நாம் நிதிக் கம்பெனி என்று வைத்துக் கொள்வோம். இவர்கள் வாங்கிப் போடுவது பெரும்பாலும் பிறர் பணம். ஓய்வூதிய நிதிகளும், பல்கலைக்கழகங்களின் அறக்கட்டளைகளும், பெரும் பணக்காரர்களும் இவர்களிடம் பணத்தைக் கொடுத்து வைக்கிறார்கள். அந்தப் பணத்தோடு கடனும் வாங்கி, கம்பெனிகளை விலைக்கு வாங்குகிறார்கள்.

வாங்கியதைக் காலமெல்லாம் வைத்திருப்பதில்லை. மூன்றிலிருந்து ஏழு ஆண்டுகளுக்குள் அதிக விலைக்கு விற்று விடுவார்கள். வாங்கும்போதே விற்பதைப் பற்றி யோசிக்கிற வியாபாரம் இது.

பழைய முதலாளி முழுப் பணத்தையும் வாங்கிக் கொண்டு போய்விட்டால் இவர்களுக்குப் பயம். வாடிக்கைக்காரர்களைத் தெரிந்தவர் அவர். தொழிலாளர்கள் அவர் முகத்துக்காகத்தான் இருக்கிறார்கள். அவருடைய பணமும் உள்ளே கிடந்தால் கம்பெனியின் மேல் அக்கறை குறையாது. அதனால்தான், "கொஞ்சம் பங்கை விட்டு வையுங்கள்" என்று கேட்கிறார்கள்.

விற்கிறவருக்கும் ஆசை காட்டுகிறார்கள். "இப்போது ஒரு தடவை பணம் வாங்கிக் கொள்ளுங்கள். ஐந்து வருஷத்தில் நாங்கள் விற்கும்போது இன்னொரு தடவை வாங்கிக் கொள்ளலாம்" என்கிறார்கள். ஆப்பிளை இரண்டாவது தடவை கடிப்பது என்று அந்த நாட்டில் இதற்கு ஒரு பேச்சு வழக்கே இருக்கிறது.

இன்னொரு லாபமும் உண்டு. பத்திரத்தை முறையாக எழுதிக் கொண்டால், பங்காக விட்டு வைத்த பகுதிக்கு உடனே வரி கட்ட வேண்டியதில்லை. அதை விற்கும்போது கட்டினால் போதும். எழுதும் முறை தவறினால், கைக்கு வராத பணத்துக்கும் வரி கட்ட நேரும்!

20-ஆ? 40-ஆ?

பேரத்தின் உயிர்நாடி ஒரு சின்னக் கணக்கில் இருக்கிறது. ஒரு கற்பனைக் கதையை வைத்து அதைப் பார்ப்போம்.

ஓஹையோ மாநிலத்தில் ஒரு கணவனும் மனைவியும் வீடுகளுக்கு ஏர் கண்டிஷன் பொருத்தும் கம்பெனி நடத்துகிறார்கள். கணவர் ஏணியில் ஏறுகிறவர். மனைவி கணக்கு எழுதுகிறவர். இருவருக்கும் வயதாகி விட்டது. ஒரு நிதிக் கம்பெனி வந்து 1 கோடி டாலர் விலை பேசுகிறது.

"80 லட்சம் ரொக்கம் தருகிறோம். 20 லட்சத்தைப் பங்காக விட்டு வையுங்கள். 1 கோடியில் 20 லட்சம் என்றால் 20 சதவீதம். ஆகவே புதிய கம்பெனியில் உங்களுக்கு 20 சதவீதப் பங்கு" என்கிறார் வந்தவர்.

கணவருக்குச் சரியாகத்தான் படுகிறது. கையெழுத்துப் போடப் பேனாவையும் எடுத்து விட்டார். நமக்கும் சரியாகத்தானே படுகிறது?

மனைவி ஒரு கேள்வி கேட்கிறார்: "அந்த 80 லட்சம் எங்கிருந்து வருகிறது?"

30 லட்சம் நிதிக் கம்பெனியின் சொந்தப் பணம். மீதி 50 லட்சம் பாங்கிக் கடன். அந்தக் கடனும் நிதிக் கம்பெனியின் பெயரில் இல்லை. ஏர் கண்டிஷன் கம்பெனியின் தலையில்தான் ஏறுகிறது! கம்பெனி சம்பாதித்துக் கட்ட வேண்டிய கடன் அது.

அப்படியானால் முதல் போட்டவர்கள் யார், யார்? நிதிக் கம்பெனி 30 லட்சம். கணவன்-மனைவி 20 லட்சம். மொத்த முதல் 50 லட்சம். ஐம்பதில் இருபது என்றால் எத்தனை சதவீதம்?

40 சதவீதம்!

20 லட்சத்தைக் கொடுத்துவிட்டு 20 சதவீதம் வாங்கினால், பாதி முதலை முதல் நாளே தானமாகக் கொடுத்தது போல. (வக்கீல் செலவு, தரகு எல்லாம் சேர்ந்தால் கணக்கு சற்று மாறும். இங்கே விட்டு விட்டோம்.)

ஐந்து வருஷம் கழித்து அதே கம்பெனி ஒன்றரைக் கோடிக்கு விற்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். கடன் 50 லட்சத்தைக் கழித்தால் மிச்சம் 1 கோடி. 40 சதவீதம் வைத்திருந்தால் 40 லட்சம் வரும். போட்ட பணம் இரட்டிப்பு. 20 சதவீதம்தான் என்றால் 20 லட்சம் வரும். ஐந்து வருஷம் காத்திருந்து, போட்ட பணம் மட்டும் திரும்பி வருகிறது.

மாணவர் விடுதியில் பிறந்த கம்பெனி

கற்பனைக் கதை போதும். நடந்த கதைக்கு வருவோம்.

மைக்கேல் டெல் என்ற 19 வயது மாணவர், 1984-ல் டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தின் விடுதி அறையில் கம்ப்யூட்டர் வியாபாரம் ஆரம்பித்தார். முதல் 1,000 டாலர். அவர் பெயரில்தான் "டெல்" கம்பெனி வளர்ந்தது. 1988-ல் பொது மக்களுக்கும் பங்கு விற்றது.

2013-ல் கதை மாறியது. மக்கள் கையில் செல்போனும் பலகைக் கம்ப்யூட்டரும் வந்துவிட்டன. டெல் பங்கின் விலை சரிந்தது. சில்வர் லேக் என்ற நிதிக் கம்பெனியோடு சேர்ந்து, தன் கம்பெனியைத் தானே திரும்ப வாங்கப் போவதாக மைக்கேல் டெல் அறிவித்தார்.

அப்போது அவர் கையில் இருந்த பங்கு சுமார் 16 சதவீதம். அதை அவர் பணமாக்கவில்லை. அப்படியே புதிய கம்பெனிக்கு மாற்றினார். கூடவே 75 கோடி டாலர் ரொக்கமும் போட்டார். சில்வர் லேக் சுமார் 140 கோடி டாலர் போட்டது. மைக்ரோசாப்ட் கம்பெனி 200 கோடி டாலர் கடன் கொடுத்தது. மீதிக்கும் பாங்கிக் கடன், கம்பெனியின் சொந்த ரொக்கம். மொத்தம் சுமார் 2,490 கோடி டாலர் பேரம்!

எல்லாம் முடிந்தபோது மைக்கேல் டெல்லின் பங்கு எவ்வளவு தெரியுமா? சுமார் 75 சதவீதம்!

பதினாறு எப்படி எழுபத்தைந்து ஆனது? ஏர் கண்டிஷன் கம்பெனியில் மனைவி போட்ட அதே கணக்குத்தான். மற்ற பங்குதாரர்களுக்குப் பணம் கொடுத்து அனுப்பினார்கள். அவர்கள் இருந்த இடத்தில் பெரும்பாலும் கடன் வந்து உட்கார்ந்தது. கடன் கொடுத்தவருக்கு வட்டி உண்டு, பங்கு கிடையாது. ஆகவே உள்ளே நின்றவரின் பங்கு பெருத்தது.

இந்தப் பேரம் சுலபமாக முடியவில்லை. விற்கிறவரும் அவரே, வாங்குகிறவரும் அவரே என்றால் மற்றவர்களுக்குச் சந்தேகம் வராதா? விலையை உயர்த்தும்படி கம்பெனியின் இயக்குநர் குழு நெருக்கியது. பிப்ரவரி மாத ஒப்பந்தத்தில் மற்றவர்களுக்குப் பங்கு ஒன்றுக்கு 13 டாலர் 65 செண்ட் என்று பேசினார்கள். மைக்கேல் டெல்லின் பங்குக்கு மட்டும் 13 டாலர் 36 செண்ட்தான். மற்றவர்களுக்கு விலையைக் கூட்டிக் கொடுப்பதற்காக அவர் குறைத்துக் கொண்டார்.

அப்படியும் கார்ல் ஐகான் என்ற பெரும் முதலீட்டாளர் விடவில்லை. விலை போதாது என்று மாதக் கணக்கில் போராடினார். பங்குதாரர் ஓட்டெடுப்பு தள்ளித் தள்ளிப் போனது. கடைசியில் 13 டாலர் 75 செண்ட் விலை, அதற்கு மேல் 13 செண்ட் விசேஷ லாப ஈவு என்று முடிந்தது. 2013 அக்டோபர் 29-ந் தேதி கம்பெனி கைமாறியது.

பிறகும் வழக்கு ஓய்ந்தபாடில்லை. நியாயமான விலை 17 டாலர் 62 செண்ட் என்று டெலாவேர் மாநில நீதிபதி ஒருவர் 2016-ல் தீர்ப்புச் சொன்னார். 2017 டிசம்பரில் அந்த மாநில உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளிவிட்டது.

மைக்கேல் டெல் அசரவில்லை. 2016-ல் ஈ.எம்.சி. என்ற இன்னொரு மாபெரும் கம்பெனியை வாங்கிச் சேர்த்தார். 2018 டிசம்பரில் டெல் மறுபடியும் நியூயார்க் பங்குச் சந்தைக்கு வந்தது. விற்காமல் உள்ளே வைத்த பங்கு அவரை உலகின் பெரும் பணக்காரர் வரிசையில் நிறுத்திவிட்டது.

ஆனால் ஒன்று. அவர் கையில் 75 சதவீதம் இருந்தது. கம்பெனியை எப்போது விற்பது, எப்போது கடன் வாங்குவது என்பதெல்லாம் அவர் தீர்மானம். ஓஹையோ கணவன்-மனைவிக்கு அந்த வசதி கிடையாது. அவர்கள் 40 சதவீதத்தோடு உள்ளே இருந்தாலும், பிறர் ஓட்டும் வண்டியில் பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள்தான்.

முந்திக் கொள்ளும் பங்கு

எல்லாப் பங்கும் ஒரே பங்கு அல்ல. இது பலருக்குத் தெரியாத விஷயம்.

நிதிக் கம்பெனிகள் சில சமயம் தங்களுக்கு "முன்னுரிமைப் பங்கு" என்று எழுதிக் கொள்வார்கள். விற்றவருக்குச் சாதாரணப் பங்கு. கம்பெனி விற்கும்போது முன்னுரிமைப் பங்குக்காரர் முதலில் எடுத்துக் கொள்வார். மிச்சம் இருந்தால்தான் மற்றவருக்கு.

ஓஹையோ கணக்கையே திரும்பப் பாருங்கள். நிதிக் கம்பெனி போட்ட 30 லட்சத்துக்கு ஆண்டுக்கு 8 சதவீதம் கூட்டு வட்டி சேரும், அதை முதலில் எடுத்துக் கொண்டு மீதியைத்தான் பங்குப்படி பிரிக்க வேண்டும் என்று பத்திரத்தில் ஒரு வரி இருக்கிறது. ஐந்து ஆண்டில் அந்த 30 லட்சம் சுமார் 44 லட்சம் ஆகிவிடும்.

கம்பெனி வாங்கிய அதே 1 கோடிக்கே விற்கிறது. கடன் 50 லட்சம் போனால் மிச்சம் 50 லட்சம். அதில் நிதிக் கம்பெனி 44 லட்சத்தை எடுத்துக் கொள்கிறது. மீதி 6 லட்சம். அதில் 40 சதவீதம் கணவன்-மனைவிக்கு. அதாவது 2 லட்சத்து 40 ஆயிரம்!

அந்த வரி இல்லாமல் இருந்தால் 20 லட்சம் வந்திருக்கும். ஒரே ஒரு வரி 17 லட்சத்து 60 ஆயிரத்தை விழுங்கிவிட்டது.

"எனக்கும் உங்களுக்கும் ஒரே வகைப் பங்கு வேண்டும்" என்று கேட்பது இதனால்தான். கேட்டால் பல நிதிக் கம்பெனிகள் ஒத்துக் கொள்கின்றன. கேட்காதவருக்கு அவர்களாக முன்வந்து கொடுப்பதில்லை.

ரேடியோ குடும்பம்

டெல் கதையைக் கேட்டுவிட்டு, உள்ளே பங்கு வைத்தால் லாபம்தான் என்று நினைத்துவிடக் கூடாது. டெக்ஸாஸ் மாநிலத்திலேயே இன்னொரு கதை இருக்கிறது.

ஸான் அன்டோனியோ நகரத்தில் லவ்ரி மேஸ் என்பவரும் அவருடைய கூட்டாளி ஒருவரும் 1972-ல் ஒரு ரேடியோ நிலையத்தை வாங்கினார்கள். அது வளர்ந்து "கிளியர் சானல்" ஆனது. ஆயிரத்து இருநூறுக்கு மேற்பட்ட ரேடியோ நிலையங்கள்! மேஸின் மகன்கள் இருவரும் கம்பெனியில் பெரிய பொறுப்புகளுக்கு வந்தார்கள்.

2006 நவம்பரில், தாமஸ் லீ, பெயின் என்ற இரண்டு நிதிக் கம்பெனிகள் கிளியர் சானலை வாங்க ஒப்பந்தம் செய்தன. நடுவில் பணச் சந்தை கலங்கியது. கடன் தருவதாகச் சொன்ன பாங்கிகள் தயங்கின. வழக்கு நடந்தது. விலை இறங்கியது. 2008 ஜூலையில், பங்கு ஒன்றுக்கு 36 டாலர் என்று பேரம் முடிந்தது.

அப்போது பங்குதாரர்களுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தார்கள். 36 டாலரை ரொக்கமாக வாங்கிக் கொள்ளலாம். அல்லது அதற்குப் பதிலாகப் புதிய கம்பெனியின் பங்கை வாங்கிக் கொள்ளலாம்.

ஒன்றரை மாதம்தான் ஆனது. லேமன் பிரதர்ஸ் பாங்கி திவாலாகி, உலகப் பொருளாதாரமே ஆட்டம் கண்டது. விளம்பர வருமானம் விழுந்தது. வாங்கியபோது ஏற்றிய கடன் இறங்கவே இல்லை. வட்டி கட்டவே வருமானம் போயிற்று.

கம்பெனி "ஐஹார்ட் மீடியா" என்று பெயரை மாற்றிக் கொண்டது. கடன் பெயரைப் பார்க்குமா? 2018 மார்ச்சில், சுமார் 2 ஆயிரம் கோடி டாலர் கடனோடு திவால் மனு கொடுத்தது. ரேடியோ நிலையங்கள் மூடவில்லை; பாட்டும் நிற்கவில்லை. ஆனால் கடன் கொடுத்தவர்களே கம்பெனியின் சொந்தக்காரர்கள் ஆனார்கள். ரொக்கம் வேண்டாம் என்று பங்கு வாங்கியவர்களுக்கு மிஞ்சியது சொற்பம்.

36 டாலர் ரொக்கம் வாங்கியவர் அதை அன்றே வீட்டுக்குக் கொண்டு போய்விட்டார்.

இதனால்தான் அங்கே அனுபவப்பட்ட வக்கீல்கள், உள்ளே விட்டு வைக்கும் பணத்தைப் போனாலும் போகட்டும் என்று சொல்லத்தக்க அளவுக்கு வைத்துக் கொள்ளச் சொல்கிறார்கள். பிள்ளை படிப்பு, வயதான காலத்துச் செலவு, வீட்டுக் கடன் எல்லாம் ரொக்கத்திலேயே அடங்கி விட வேண்டும். விலையில் 10 சதவீதத்திலிருந்து 40 சதவீதம் வரை விட்டு வைப்பது வழக்கம். அறுபது வயதுக்காரர் பத்தோடு நிற்கப் பார்ப்பதில் தப்பில்லை.

வேலை போனால் பங்கும் போகுமா?

பழைய முதலாளி பெரும்பாலும் புதிய கம்பெனியில் சம்பளத்துக்கு வேலை பார்ப்பார். நேற்று வரை முதலாளி. இன்று மேலதிகாரிக்குப் பதில் சொல்ல வேண்டியவர். மனஸ்தாபம் வருவது சகஜம்.

"வேலையை விட்டுப் போனாலோ, நாங்கள் நீக்கினாலோ, உங்கள் பங்கை நாங்கள் வாங்கிக் கொள்வோம்" என்று பத்திரத்தில் ஒரு பிரிவு இருக்கும். எந்த விலைக்கு என்பதில்தான் விஷயம். அன்றைய மதிப்புக்கா, போட்ட விலைக்கா, எது குறைவோ அதற்கா? திருடினால், மோசடி செய்தால் குறைந்த விலை என்பது நியாயம். உடம்பு சரியில்லாமல் விலகினாலும் அதே விலை என்றால் அது அநியாயம். விட்டு வைத்த பங்கு சம்பளத்துக்குக் கிடைத்த இனாம் அல்ல. அது விலைக்குப் பதில் வாங்கியது. இந்த வாதத்தைச் சொன்னால் எதிர்த் தரப்பு இறங்கி வருகிறது.

கூடவே விற்கும் உரிமையும் வேண்டும். நிதிக் கம்பெனி தன் பங்கை விற்கும்போது, "அதே விலைக்கு என் பங்கையும் விற்றுக் கொடு" என்று கேட்கும் உரிமை. இது இல்லாவிட்டால், அவர்கள் பணத்தோடு போய்விடுவார்கள். நீங்கள் முன்பின் தெரியாத ஒருவரோடு கூட்டாளியாகக் கிடப்பீர்கள். ஆண்டுக் கணக்கைக் காட்டச் சொல்லும் உரிமையையும் சேர்த்து எழுதிக் கொள்வார்கள் விவரம் தெரிந்தவர்கள்.

எப்போது பேசுவது?

பத்திரம் பதியும் நாளில் பேசினால் பலிக்காது.

அமெரிக்க வழக்கப்படி, முதலில் சில பக்கங்களில் ஒரு சம்மதக் கடிதம் கையெழுத்தாகும். விலை, ரொக்கம் எவ்வளவு, பங்கு எவ்வளவு என்று அதில் இருக்கும். அதில் கையெழுத்துப் போட்ட பிறகு, இரண்டு மூன்று மாதங்களுக்கு விற்கிறவர் வேறு யாரிடமும் பேரம் பேசக் கூடாது. அதுவரை வாசலில் நின்ற மற்ற ஆட்கள் போய்விடுவார்கள். வக்கீலுக்கும் ஆடிட்டருக்கும் செலவு ஏறிக் கொண்டே போகும். ஊழியர்களுக்கும் விஷயம் கசிந்துவிடும். அப்போது "முன்னுரிமைப் பங்கு கூடாது" என்று சொன்னால் யார் கேட்பார்கள்?

ஓஹையோ மனைவியைப் போல, அந்தக் கடிதத்தின் முதல் நகலிலேயே பென்சிலால் கோடு போட்டுக் கேட்க வேண்டும்: எத்தனை சதவீதம், எந்த வகைப் பங்கு, கம்பெனியின் தலையில் எவ்வளவு கடன், வேலை போனால் என்ன விலை, நீங்கள் விற்றால் நானும் விற்கலாமா. ஐந்து கேள்விக்கும் பதிலை அந்தக் கடிதத்திலேயே எழுதி வாங்கிக் கொண்ட பிறகுதான், கணவர் பேனாவின் மூடியைக் கழற்றுவார்.